டப்பாக்காவின் இருபத்திரண்டு வருஷம்

அவளுக்கு 'டப்பாக்கா' என்று பெயர் வைத்தது யார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. கர்ப்பிணிகளைப் பரிசோதிக்கும் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், படிக்கட்டுக்குப் பக்கத்தில் கிடந்த மரமேசைதான் அவளுடைய ராஜ்ஜியம். வருகிற ஒவ்வொருத்தி கையிலும் சிறுநீர் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுப்பாள். கழிப்பறைக்குக் கை காட்டுவாள். திரும்பி வந்ததும் டப்பாவின் மேல் சீட்டு ஒட்டித் தட்டில் அடுக்குவாள். பதினான்கு வருஷமாக இதே வேலை. வருகைப் பதிவேட்டில் அவளுக்கு வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லித் தேடி வந்தால் வாசல் காவலாளிகூட உதட்டைப் பிதுக்குவார்.

முதல் முறை வருகிற பெண்கள் டப்பாவைக் கையில் வாங்கவே கூசுவார்கள். கைப்பைக்குள் ஒளிப்பார்கள், துப்பட்டாவுக்குள் மறைப்பார்கள். டப்பாக்கா விடமாட்டாள்.

"எதுக்கு கண்ணு ஒளிக்கற? இங்க இருக்கற அத்தன பேர் கையிலயும் இதேதான். மூடிய மட்டும் நல்லா இறுக்கு. போன வாரம் ஒருத்தி லூசா மூடிக் குடுத்துட்டா. என் செருப்புக்கு சர்க்கரை இருக்கான்னு பாக்க வேண்டியதாப் போச்சு."

பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் வயிறுகள் எல்லாம் குலுங்கும். யாராவது ஒருத்தி சிரித்த வாயோடு கேட்பாள்: "உங்களுக்கு எத்தன பசங்கக்கா?"

"ஒரு நாளைக்கு அறுபது" என்பாள். கேட்டவள் அதற்கும் சிரிப்பாள். அதற்குமேல் யாரும் துருவிக் கேட்டதில்லை.

அவளுக்கு ஒரு குழந்தை பிறந்தது. இரண்டு நாள் இருந்தது.

அப்போது அவளுக்கு இருபத்து நான்கு வயது. ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்துக் கொடுக்கிற சலவை நிறுவனத்தில் வேலை பார்த்தாள். ஈரம் முழுதும் காயாத விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்து, சூடான உருளைக்குள் சுருக்கம் விழாமல் செலுத்த வேண்டும். நாள் முழுக்க நின்றபடியே செய்கிற வேலை. ஏழாம் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும், தொடை வழியாக வெதுவெதுப்பாக ஏதோ இறங்கியது. கையிலிருக்கும் துணிதான் சொட்டுகிறது என்று நினைத்து அவள் விரிப்பை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடித்தாள். எதிர்ப்பக்கம் நின்றவள் கத்தின பிறகுதான் குனிந்து பார்த்தாள். காலடியில் குளம் கட்டியிருந்தது.

பெண் குழந்தை. உள்ளங்கையில் அடங்கிவிடும் போல இருந்ததாக நர்ஸ் சொன்னாள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். டப்பாக்காவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய் ஒரே ஒரு தடவை காட்டினார்கள். குழாய்களும் பஞ்சும் பிளாஸ்திரியுமாகக் கிடந்ததில் முகம் எது என்று கண்டுபிடிப்பதற்குள் நாற்காலியைத் திருப்பிவிட்டார்கள். வியாழக்கிழமை மதியம் எல்லாம் முடிந்தது.

ஏன் என்று கேட்டதற்கு, "சில பேருக்கு இப்படி ஆகும்மா" என்றார் அன்றைக்கு இருந்த டாக்டர். மாமியாருக்கு அந்தப் பதில் போதவில்லை. "நாலு மாசத்துலயே வேலைய விடுன்னு தலபாடா அடிச்சிக்கிட்டேன். கேட்டாளா? ஈரத்துணியத் தூக்கித் தூக்கியே என் பேத்தியக் கொன்னுட்டா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். டப்பாக்கா அதை மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்கே அப்படித்தான் பட்டது. தான் தூக்கின விரிப்புகளை மனசுக்குள் திரும்பத் திரும்பத் தூக்கிப் பார்த்தாள். அன்றைக்கு எது கனமாக இருந்தது, எதை வேறொருத்தியிடம் கொடுத்திருக்கலாம் என்று.

பிறகு அவள் வயிறு திறக்கவே இல்லை. ஐந்து வருஷம் கழித்து மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். கருக்குழாய் இரண்டும் அடைத்திருந்தது. ஏன் அடைத்தது என்பதற்கும் காரணம் சொல்ல ஆள் இல்லை.

அவள் கணவர் தரைக்கு டைல்ஸ் பதிக்கிறவர். கட்டடம் எங்கே எழும்புகிறதோ அங்கே போய் மாசக் கணக்கில் தங்கி வேலை முடித்துவிட்டு வருவார். அதிர்ந்து பேசமாட்டார். அந்த எக்ஸ்ரே வந்த வாரம் மாமியார் மகனை உள்ளறைக்குக் கூப்பிட்டு, வேறு ஒருத்தியைப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். கதவுக்கு இந்தப் பக்கம் டப்பாக்கா உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு இவ போதும். இன்னொரு தடவ இந்தப் பேச்ச எடுத்தீங்கன்னா, நான் இந்த வீட்டுப் படி மிதிக்க மாட்டேன்" என்றார் அவர்.

அன்றைக்கு அவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அந்த மனிதனுக்கு ஏழு ஜென்மத்துக்கும் செருப்பாகக் கிடக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

தோன்றியதோடு நிற்கவில்லை. அன்றிலிருந்து அவரிடம் அவள் குரல் உயர்ந்ததே கிடையாது. முட்டி போட்டே வேலை செய்து அவர் முழங்கால்கள் காய்த்துப் போயிருந்தன. அவர் வீட்டிலிருக்கிற நாளெல்லாம் சாயங்காலம் தைலம் தேய்த்துவிடுவாள். அவர் கோபப்பட்டால் வாயை மூடிக்கொள்வாள், கோபத்தில் நியாயம் இல்லாவிட்டாலும். அக்கா தங்கைகள் யாராவது தங்கள் புருஷனைக் குறை சொன்னால், "எங்க வீட்டுக்காரர் கால் தூசிக்கு வருவாங்களா? வேற ஆளா இருந்தா என்னை எப்பவோ கழட்டி விட்டிருப்பான்" என்பாள். கேட்டவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். மாமியார் கண்ணை மூடுகிறவரை ஒரு கோப்பை தண்ணீர்கூட அவளேதான் கொடுத்தாள். கடைசிவரை அந்தக் கிழவி வாய்ச்சொல்லை விடவில்லை. இவளும் அவரிடம் போய் ஒரு நாளும் முறையிடவில்லை. தன்னை வைத்துக்கொண்டதே பெரிது, இதில் நியாயம் வேறு கேட்பதா என்று இருந்துவிட்டாள்.

இப்படியே போயிருக்கும். ஆஸ்பத்திரியில் ஒரு புது டெஸ்ட் வந்தது.

மதியச் சாப்பாடு முடிந்து ஊழியர்கள் எல்லோரையும் பெரிய டாக்டரம்மா கூப்பிட்டார்கள். சாப்பாட்டு அறையில் சுவரில் ஒரு பழைய காலண்டர் தாளைத் திருப்பி ஒட்டி, அதில் கர்ப்பப்பையை வரைந்தார்கள். டப்பாக்கா பின்வரிசையில் டிபன் டப்பாவைக் கழுவி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கிளமிடியான்னு ஒரு கிருமி. உடலுறவுல பரவும். இதுல பெரிய தொல்ல என்னன்னா, பெரும்பாலான பொம்பளைங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லுவாங்க. உள்ள அது பாட்டுக்கு இருக்கும்."

யாரோ ஒரு இளம் நர்ஸ் வாயைப் பொத்திச் சிரித்தாள். டாக்டரம்மா அவளைப் பார்த்தார்கள், சிரிப்பு நின்றது.

"கர்ப்பமா இருக்கறப்ப இருந்தா, சில பேருக்குப் பனிக்குடம் சீக்கிரமே உடஞ்சிடும். குறைமாசத்துல பிறக்கும். நல்லபடியாப் பிறந்தாலும் குழந்தைக்குக் கண்ணுல சீழ் வரலாம், நுரையீரல்ல சளி கட்டலாம். கவனிக்காம விட்டா அந்தக் கிருமி கருக்குழாய் வரைக்கும் ஏறும். குழாய் அடைச்சிடும். அப்புறம் குழந்தையே தங்காது."

ஸ்கெட்ச் பேனாவால் குழாய் இரண்டின் மேலும் குறுக்குக் கோடு போட்டார்கள்.

டப்பாக்கா அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடியிலிருந்த டிபன் டப்பாவிலிருந்து மிச்சத் தண்ணீர் வழிந்து முட்டியை நனைத்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"சிறுநீர்லயே கண்டுபிடிச்சிடலாம். மருந்து ஒரே வேளை மாத்திரைதான். கர்ப்பிணிகளும் தைரியமாச் சாப்பிடலாம். ஆனா ஒண்ணு, புருஷனுக்கும் சேத்து மருந்து குடுக்கணும். இல்லாட்டி அவர்கிட்ட இருந்து திரும்ப வந்துடும். நாலு வாரம் கழிச்சு மறுபடி டெஸ்ட் பண்ணணும். யாருக்காவது சந்தேகம் இருக்கா?"

யாருக்கும் இல்லை. எழுந்திருக்கிற நேரத்தில் பின்வரிசையிலிருந்து டப்பாக்கா கேட்டாள். "இந்தக் கிருமி... இருவத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடியும் இருந்துச்சா டாக்டரம்மா?"

"இருந்துச்சே. மருந்தும் இருந்துச்சு. நம்ம பக்கம் யாரும் தேடிப் பாக்கல, அவ்வளவுதான்."

அவ்வளவுதான். அன்று சாயங்காலம் பஸ்ஸில் அந்த 'அவ்வளவுதான்' காதுக்குள் ஒலித்துக்கொண்டே வந்தது. ஆனால் அவள் மனசு கணவரிடம் போகவில்லை. நம்பினால் நம்புங்கள், போகவே இல்லை. சலவை நிறுவனத்தில் நாற்பது பேருக்கு ஒரே கழிப்பறை, அங்கேதான் எதையோ தொற்றிக்கொண்டோம் போலிருக்கிறது என்றே அவள் முதலில் நினைத்தாள். உடலுறவில் பரவும் என்று டாக்டரம்மா சொன்னது காதில் விழுந்திருந்தும் நினைத்தாள். பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டே பழகியவளுக்கு வேறு பக்கம் திரும்பத் தெரியவில்லை.

டெஸ்ட் தொடங்கியது. இப்போது ஒவ்வொருத்திக்கும் இரண்டு டப்பா. "முதல்ல வர்றது நீல மூடியில. நடுவுல வர்றது வெள்ள மூடியில. மாத்திப் புடிச்சா மறுபடியும் ஒரு சொம்பு தண்ணி குடிக்க வெப்பேன், ஜாக்கிரத" என்று அறுபது பேருக்கும் அறுபது தடவை சொன்னாள். சீட்டில் வயது இருபத்திரண்டு என்று வந்தால் மட்டும் அவள் விரல் ஒரு நொடி நின்று பிறகு ஒட்டும்.

டெஸ்ட் தொடங்கின மூன்றாவது மாசம், செருப்புக் கம்பெனியில் பசை தடவுகிற ஒரு பெண்ணுக்குக் கிருமி இருக்கிறது என்று முடிவு வந்தது. முதல் பிரசவம், ஐந்து மாசம். மாத்திரை விழுங்கத் தண்ணீர் எடுத்துக்கொண்டு டப்பாக்கா டாக்டரம்மாவின் அறைக்குள் போனாள். பெண் அழுது முகம் வீங்கியிருந்தது. பக்கத்தில் பெயின்டு தெறித்த சட்டையோடு அவள் புருஷன். மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான்:

"எனக்குப் போன வருஷமே எரிச்சல் இருந்துச்சு டாக்டர். வேல செஞ்ச எடத்துல காட்டினேன். மாத்திர குடுத்தாங்க, சரியாயிடுச்சு."

"வீட்டுல இருக்கறவங்களயும் கூட்டிட்டு வான்னு சொல்லலியா?"

"சொன்னாங்க." அவன் மருந்துச் சீட்டை நாலாக மடித்தான். "எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு டாக்டர் சொல்றது?"

டாக்டரம்மா கோபப்படவில்லை. இப்போதாவது இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுங்கள், குழந்தைக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்றார்கள். அந்தப் பெண் டப்பாக்காவின் கையிலிருந்த டம்ளரை வாங்கி மாத்திரைகளைப் போட்டுக்கொண்டாள். பற்கள் டம்ளரில் டகடகவென்று அடித்தன.

வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலம் முழங்காலுக்குத் தைலம் தேய்க்கும்போது அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நடந்ததை அவருக்குச் சொல்லுவாள். யார் பெயரும் சொல்ல மாட்டாள், கதை மட்டும்தான். அவர் அதை ரசித்துக் கேட்பார். அன்றைக்கும் சொன்னாள்.

"...எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு சொல்றதுங்கறான். பாவம் அந்தப் பொண்ணு. அவ வயித்துல இருக்கற அது என்ன பாவம் பண்ணுச்சு, சொல்லுங்க."

அவர் காலை இழுத்துக்கொண்டார். போதும் என்றார். சாப்பாட்டுத் தட்டில் கையை வைத்துப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. உடம்பு சரியில்லையா என்று கேட்டதற்குத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் காலையில் அவர் வேலைக்குக் கிளம்பவில்லை. அவள் அடுப்படியில் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தபோது, சிமெண்ட் கலக்கும் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அங்கேயே நிலைப்படி ஓரமாக உட்கார்ந்தார்.

"அந்தப் பையன் மாதிரிதான் நானும்" என்றார்.

அவளுக்குப் புரியவில்லை. "எந்தப் பையன்?"

"நேத்து நீ சொன்னியே."

கரண்டி அவள் கையிலேயே இருந்தது. அவர் முகத்தைப் பார்க்காமல், அடுப்புக்குக் கீழே இருந்த சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனார். நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்பதுபோல மூச்சுவிடாமல் சொன்னார். கல்யாணமாகி இரண்டாவது வருஷம், ஒரு பெரிய கட்டடத்தில் எட்டு மாசம் வேலை. கூட இருந்தவர்கள் ஒரு நாள் ஒரு பெண்ணிடம் போகலாம் என்று கூப்பிட்டார்கள், போனார். இரண்டு தடவை. பிறகு வீட்டுக்கு வந்து போனார். அவள் முழுகாமல் இருக்கிற செய்தி கிடைத்த மாசம்தான் அவருக்கு எரிச்சல் தொடங்கியது. அங்கிருந்த டாக்டர் ஒரு வாரத்துக்கு மாத்திரை கொடுத்தார். மனைவியைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வா, இல்லாவிட்டால் அவளுக்கும் மருந்து வாங்கிக்கொண்டு போ என்றார்.

"லீவு போட்டு வந்தேன், உங்கிட்ட சொல்றதுக்குன்னே வந்தேன். பஸ்ஸுல வர்றப்ப எப்படிச் சொல்றதுன்னு பேசிப் பேசிப் பாத்துக்கிட்டே வந்தேன். நீ கதவத் தொறந்த. நாலு மாசம் உனக்கு. மொகமெல்லாம் சிரிப்பா நின்ன. எனக்கு நாக்கு எழும்பல. மறுநாள் சொல்லலாம், மறுநாள் சொல்லலாம்னு மூணு நாள் ஓடிப் போச்சு. கெளம்பற அன்னிக்கிதான் கேட்டேன், உனக்கு எங்கியாவது எரியுதான்னு. ஞாபகம் இருக்கா?"

அவளுக்கு ஞாபகம் இருந்தது. இத்தனை வருஷமாக, தன்மேல் எவ்வளவு அக்கறை என்று நினைத்து நினைத்து மகிழ்ந்த ஞாபகம் அது.

"என்ன சொன்னேன்?" என்றாள், தெரிந்துகொண்டே.

"நெஞ்சு எரியுதுன்னு சொன்ன. புள்ளைக்கு முடி மொளைக்குதுன்னு சொல்லிச் சிரிச்ச. அப்ப ஒண்ணுமில்ல போலன்னு எம்மனச நானே சமாதானம் பண்ணிக்கிட்டுப் போயிட்டேன்."

அவள் கரண்டியை வைத்தாள். அடுப்பை அணைத்தாள். அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள். கேட்கும்போது குரல் அவளுடையது போலவே இல்லை.

"உங்கம்மா என்னக் கொலகாரின்னு சொன்னாங்க. ஈரத்துணியத் தூக்கிக் கொன்னுட்டேன்னு சொன்னாங்க. நீங்க பக்கத்துலதான் உக்காந்திருந்தீங்க."

அவர் வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு நாளா ரெண்டு நாளா? சாகற வரைக்கும் சொன்னாங்க. நானும் ஆமாம்னு நெனச்சேன். ராத்திரி பகல் அந்தத் துணியத்தான் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சேன். உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சே பாத்துக்கிட்டு இருந்தீங்க."

"தப்புதான்..."

"அந்தப் பொம்பளகிட்ட போனதக்கூட விட்டுடறேன். வயசு, தனியா இருந்தீங்க, எவனோ கூப்பிட்டான், போனீங்க. போய்த் தொலையட்டும். ஆனா என்னை எவ்வளவு பெரிய மனசோட வெச்சிருக்கார்னு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சேனே! கையெடுத்துக் கும்பிட்டேனேடா உன்ன!"

இருபத்துநான்கு வருஷக் கல்யாணத்தில் அந்த 'டா' அன்றுதான் முதல் தடவை வந்தது. அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு வாளியின்மேல் குலுங்கினார். அவள் எழுந்து, கட்டிய சாப்பாட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். அன்றைக்கும் அறுபது பேர் வந்தார்கள். யாரையும் சிரிக்க வைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பெரிய டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அதனால்தானா என் குழந்தை போனது என்று கேட்டாள். டாக்டரம்மா எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்கள்.

"இருக்கலாம். அப்படித்தான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. பனிக்குடம் உடையறதுக்கு நூறு காரணம் இருக்கு. குழாய் அடைச்சதப் பாத்தா இதுவா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனா இன்னிக்கு எதவெச்சு நிரூபிக்கறது?"

"எனக்கு இப்ப டெஸ்ட் பண்ணிப் பாத்தா?"

"இவ்வளவு வருஷம் கழிச்சு ஒண்ணும் தெரியாது."

ஆனாலும் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தாள். நான்கு நாளில் முடிவு வந்தது. கிருமி இல்லை. அந்தத் தாளை வாங்கிக்கொண்டு மருந்துக் கிடங்குக்குள் போய் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதாள். நோய் இல்லை என்று வந்த முடிவுக்கு அப்படி அழுத ஒரு மனுஷியை அந்த ஆஸ்பத்திரி பார்த்திருக்காது. ஏதாவது ஒன்று மிச்சம் இருக்கும், இதனால்தான் என்று கையில் வைத்துக்கொள்ள ஒரு காரணம் கிடைக்கும் என்று நம்பியிருந்தாள். அதுவும் இல்லை.

பிறகு அவள் தங்கை வீட்டில் ஒன்பது நாள் இருந்தாள். தங்கை காரணம் கேட்டதற்கு, வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்றாள். பத்தாம் நாள் திரும்பினாள். போகிற இடம் வேறு இல்லை என்பது ஒரு பக்கம். அவர் முழங்கால் வீங்கிப் படி ஏற முடியாமல் கிடக்கிறார் என்று பக்கத்து வீட்டுக்காரி போன் பண்ணியது இன்னொரு பக்கம். வந்தவள் தைலப் புட்டியை அவருக்குக் கையெட்டும் இடத்தில் வைத்தாள். தேய்த்துவிடவில்லை. சமைத்து வைப்பாள், அவர் போட்டுச் சாப்பிடுவார். ஆஸ்பத்திரிக் கதை நின்றுபோனது.

ஆஸ்பத்திரியில் வேறு ஒரு கதை தொடங்கியது. முடிவு வந்து மருந்துக்குக் கூப்பிடும்போது "அவர் வெளியூர்ல இருக்கார்", "அவருக்கு நேரமில்ல" என்று யாராவது சொன்னால், அதுவரை தலையாட்டிக்கொண்டிருந்தவள் இப்போது மேசையை விட்டு எழுந்தாள். வாசலில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு போன் பார்க்கிற புருஷன்களிடம் நேரே போய் நின்றாள். "தம்பி, டாக்டர் உள்ள கூப்பிடறாங்க. என்னன்னு அவங்க சொல்லுவாங்க. ஒண்ணு மட்டும் நான் சொல்றேன். இப்ப வெக்கப்பட்டீங்கன்னா அஞ்சு நிமிஷம் வெக்கம். வந்துட்டுப் போங்க." ஒருவன் முறைத்தான், ஒருவன் உனக்கென்ன வந்தது என்று கத்தினான். காவலாளி வந்து சமாதானம் செய்யவேண்டியிருந்தது. தலைமை நர்ஸ் கூப்பிட்டு, அவரவர் விஷயம், நீ தலையிடாதே என்றாள். டப்பாக்கா சரி என்று சொல்லிவிட்டு அடுத்த நாளும் எழுந்து போனாள். முறைத்தவனும் மூன்றாம் நாள் வந்து மருந்து வாங்கிக்கொண்டு போனான். செருப்புக் கம்பெனிப் பெண்ணுக்கு மறு டெஸ்டில் ஒன்றும் இல்லை. மாசம் நிறைந்து மூன்று கிலோவுக்கு ஒரு பையன் பிறந்தான். டப்பாக்கா பிரசவ வார்டுக்குப் போய்ப் பார்த்தாள். அவன் கண் இரண்டும் பளிச்சென்று திறந்திருந்தது. தூக்கிக்கொள்ளுங்கள் அக்கா என்று நீட்டினார்கள். கை சுத்தமில்லை என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டாள்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, பதினேழு வாரத்துக்குப் பிறகு, அவரிடம் அவளாக ஒரு பேச்சுப் பேசினாள்.

"அவள எங்க பொதைச்சீங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். குழந்தை இறந்த அன்றைக்கு அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போனது அவர்தான். எங்கே என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"காட்டுங்க" என்றாள்.

இரண்டு பஸ் மாறிப் போனார்கள். ஊர்க்கோடியில் பழைய இடுகாடு. முன்பாதியை எடுத்து ரோடு போட்டிருந்தார்கள். பின்பாதியில் சுற்றுச்சுவரை ஒட்டிப் புதர் மண்டிக் கிடந்தது. அவர் வலிக்கிற காலை இழுத்துக்கொண்டு சுவரோரமாக நடந்தார், நின்றார், திரும்பி வந்தார், மறுபடி நடந்தார். ஒரு வேப்பமரம் இருந்தது, இப்போது இல்லை என்றார். கடைசியில் ஒரு இடத்தில் நின்று, "இங்கதான் இருக்கணும். இந்தப் பத்தடிக்குள்ள" என்றார்.

அவள் அந்தப் பத்தடியையும் பார்த்தாள். எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் ஓரமாகவே நின்றாள்.

"எப்படி இருந்தா?"

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "முடி நெறைய இருந்துச்சு" என்றார் மெல்ல. "கறுகறுன்னு. நெத்தி உன்னுது. எடது காதுக்குப் பின்னாடி ஒரு மச்சம், எள்ளு மாதிரி. துணிய வெலக்கிப் பாத்தேன். ஒரு விரல் மட்டும் நீட்டிக்கிட்டு இருந்துச்சு. மடக்கிப் பாத்தேன், மடங்கல."

முடி நிறைய இருந்தது என்று அவளுக்கு இருபத்திரண்டு வருஷமாகத் தெரியாது. மச்சம் தெரியாது. அவள் மண்டியிட்டு, எந்த இடம் என்று பாராமல், கைக்கு எட்டினவரை புல்லைப் பிடுங்கினாள். அவரும் பக்கத்தில் குனிய வந்தார். முட்டி மடங்கவில்லை. நின்றபடியே அழுதார். அவள் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை, போகச் சொல்லவும் இல்லை.

வெயில் ஏறினபோது எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள். திரும்பி வரும் பஸ்ஸில் கூட்டம் இல்லை. அவள் முன்பக்கம் பெண்கள் சீட்டில் உட்கார்ந்தாள். அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். இறங்க வேண்டிய நிறுத்தம் வந்ததும் அவள் திரும்பிப் பார்த்து, "எறங்குங்க" என்றாள். ஒருவர் பின்னால் ஒருவராக வீட்டுக்கு நடந்தார்கள்.